கால்பேக் வெரிஃபையர் டோர்: துண்டித்துத் திரும்ப அழைக்கும் இடத்தில் சறுக்குகிறது

நோட்_ஒன்று:

வணக்கம். டயல்-அப் பிபிஎஸ் (மோடம் மூலம் அழைத்து நுழையும் அறிவிப்புப் பலகைக் கணினி) ஒன்றுக்குக் கால்பேக் வெரிஃபையர் டோர், அதாவது எண்ணைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்கும் வெளி நிரல், பொருத்திக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருபவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். டோர் இணைப்பைத் துண்டித்து அந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்கும். அவர் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினால் செக்யூரிட்டி லெவல் 10-இலிருந்து 50-க்கு ஏறும். இவ்வளவுதான் தேவை.

அமைப்பு இது: பென்டியம் 3, 500 மெகாஹெர்ட்ஸ், டாஸ் 6.22, பிபிஎஸ் மென்பொருள் ரிமோட்ஆக்ஸஸ் (ஆர்.ஏ.) 2.02, காம் போர்ட்டைக் கையாளும் ஃபாசில் டிரைவர் பிஎன்யூ, காம் 1 போர்ட் 38400-இல் பூட்டியிருக்கிறது. மோடம் யு.எஸ். ரோபோட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர், வெளியே வைக்கும் வகை. நியூ ஜெர்சி, 908 பகுதி எண். செப்புக் கம்பி கிடையாது, லிங்க்சிஸ் பாப்2டி என்ற இணையவழித் தொலைபேசி அடாப்டர்தான். அதன் முதல் போர்ட்டில் பிபிஎஸ். இரண்டாவதில் சோதனைக்காக வேறொரு மோடமும் டெலிக்ஸ் என்ற டெர்மினல் நிரல் ஓடும் ஒரு பழைய 486-உம்.

சிக்கல்கள்:

ஒன்று, டோர் தொடங்கும்போதே "ரன்டைம் எரர் 200" என்று விழுந்துவிடுகிறது. பயாஸில் கேஷை அணைத்தால் மட்டும் ஓடுகிறது.

இரண்டு, துண்டிக்கும் நொடியில் கணினி ரீபூட் ஆகிறது. மோடத்தின் 6-ஆம் டிப் சுவிட்சைக் கீழே தள்ளியதும் ரீபூட் நின்றது. ஆனால் இப்போது இணைப்பு அறுந்ததே டோருக்குத் தெரியவில்லை.

மூன்று, அப்படியும் சில சமயம் டயல் செய்யும் கட்டம் வரை போகிறது. அப்போது மோடம் ஸ்பீக்கரில் விட்டுவிட்டு வரும் டயல் டோன் கேட்கிறது. எதிர்முனை 486-இல் "நோ கேரியர்" (இணைப்பு அறுந்தது என்ற மோடத்தின் பதில்) உடனே வருவதில்லை, வெகு நேரம் சும்மா நிற்கிறது.

நான்கு, எப்போதாவது எல்லாம் ஒழுங்காக முடிந்து "சரிபார்க்கப்பட்டது" என்று வந்தாலும், மெனுவுக்குத் திரும்பினால் லெவல் அதே 10.

இவற்றோடு இன்னொரு கேள்வி: ஒரே லைனில் துண்டித்து, அதே லைனில் திரும்ப அழைப்பது பாதுகாப்பானதுதானா?

---

பழைய_சிசாப்:

முதல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எரர் 200 உங்கள் அமைப்பின் தவறல்ல. அந்தக் காலத்து டோர்களில் பெரும்பாலானவை டர்போ பாஸ்கலில் எழுதியவை. அதன் சிஆர்டி யூனிட், நிரல் தொடங்கும்போது கடிகாரத்தின் ஒரு டிக்கில், அதாவது சுமார் 55 மில்லிவிநாடியில், எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. பூஜ்ஜியத்தால் வகுத்ததாக எண்ணிக்கொண்டு நிரல் செத்துவிடும். கேஷை அணைத்தால் கணினி மந்தமாகிறது, அதனால் ஓடுகிறது. நிரந்தரத் தீர்வு, அந்த இஎக்ஸ்இ கோப்பைத் திருத்தும் பேட்ச் நிரல். பிகேலைட் போன்றவற்றால் சுருக்கிய கோப்பாக இருந்தால் முதலில் விரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்ச் தேடும் பைட்டுகள் அகப்படாது. மூலக் கோப்பின் நகல் ஒன்று பத்திரமாக இருக்கட்டும்.

ரீபூட்டுக்குக் காரணம் வாட்ச்டாக். ஃபாசிலின் 14 ஹெக்ஸ் செயல்பாடு அதற்கென்றே இருக்கிறது: டோருக்குள் இருக்கும்போது கேரியர் (எதிர் மோடத்தின் இணைப்புச் சமிக்ஞை) போனால் கணினியை ரீபூட் செய். விளையாட்டு டோர்களில் ஆள் பாதியில் ஓடிவிட்டால் நோட் (பிபிஎஸ்-இன் ஓர் இணைப்பு வழி) தொங்காமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். கால்பேக்கிலோ கேரியரை நாமே வேண்டுமென்று போக்குகிறோம். எல்லா டோர்களுக்கும் பொதுவான பேட் கோப்பில் (டாஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat கோப்பு) வாட்ச்டாக்கை இயக்கும் வரி இருக்கும், பாருங்கள். வெரிஃபையருக்கு மட்டும் அந்த வரி இல்லாமல் தனி பேட் கோப்பு எழுதுங்கள். டோரின் அமைப்புக் கோப்பிலும் கேரியர் கண்காணிப்பு என்று ஒரு விருப்பம் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பல டோர் லைப்ரரிகள் தாமாகவே கேரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும். போனதும் ரீபூட் செய்யாமல் சத்தமின்றி வெளியேறிவிடும். திரும்ப அழைக்க வேண்டிய நிரலே அப்போது இருக்காது.

6-ஆம் சுவிட்சை முதல் வேலையாக மேலே தள்ளுங்கள். கீழே இருந்தால் கேரியர் எப்போதும் இருப்பதாக மோடம் பொய் சொல்லும். வெரிஃபையர் மட்டும் கெடாது, பயனர் இணைப்பை அறுத்துக்கொண்டு போனாலும் ஆர்.ஏ. அவர் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், நேரம் தீரும்வரை. 1-ஆம் சுவிட்சும் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிடிஆர் (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் சமிக்ஞை) இறங்கினாலும் மோடம் கண்டுகொள்ளாது. 5-ஆவது கீழே, தானாகப் பதிலளிப்பது வேண்டாம்.

---

இருகம்பி:

உங்கள் மூன்றாம் சிக்கலுக்குக் காரணம் அடாப்டரின் ஹூக் ஃபிளாஷ். விட்டுவிட்டு வரும் டயல் டோன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே அடையாளம்.

லைனைக் கொஞ்ச நேரம் மட்டும் கீழே வைத்து எடுத்தால், ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் என்றால், அழைப்பை முடித்ததாக அடாப்டர் எடுத்துக்கொள்வதில்லை. முதல் அழைப்பை ஹோல்டில் போட்டுவிட்டு இரண்டாவது அழைப்புக்கு டயல் டோன் தருகிறது. உங்கள் டோர் டிடிஆரை அரை விநாடி இறக்கி ஏற்றிவிட்டு உடனே ஏடிடிடி (டயல் கட்டளை) அனுப்புகிறது போலிருக்கிறது. 486-இன் அழைப்பு ஹோல்டில் கிடக்கிறது. அதே எண்ணுக்கே திரும்ப அழைத்தால் அது பிஸி.

டிடிஆரை இறக்கி வைக்கும் நேரத்தை 2 விநாடியாக்குங்கள். டோரில் அந்த அமைப்பு இல்லையென்றால் டயலுக்கு முன் ஏடிஎச்0 (லைனை வைக்கும் கட்டளை) அனுப்பி, "ஓகே" வந்தபின் 3 விநாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள். அடாப்டரின் பக்கத்தில் கால் வெயிட்டிங், மும்முனை அழைப்பு இரண்டையும் அந்தப் போர்ட்டுக்கு அணைத்துவிடுங்கள், பாதி ஆபத்து அங்கேயே தீரும்.

டோர் டயல் செய்வதற்கு முன் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய வரி:

ஏடி &எஃப்1 &சி1 &டி2 எக்ஸ்4 &எம்4 &என்6 எஸ்0=0 எஸ்7=60 எஸ்11=100

&சி1, &டி2 இரண்டும் கேரியரும் டிடிஆரும் உண்மையாக நடந்துகொள்ள. எக்ஸ்4 இருந்தால்தான் டயல் டோன் இல்லை, பிஸி என்ற பதில்கள் கிடைக்கும். எஸ்0=0 மிக முக்கியம்: நீங்கள் காத்திருக்கும் இடைவெளியில் வேறொருவர் அழைத்தால் மோடம் எடுத்துவிடக் கூடாது. &என்6 வேகத்தை 9600-இல் நிறுத்துகிறது. இணையவழி லைனில் 33600-க்கு ஆசைப்பட்டால் ஹேண்ட்ஷேக் பாதிக்குப் பாதி தோற்கும், 9600 நிற்கும். எஸ்11 தொனியின் நீளம், மில்லிவிநாடியில். ஸ்போர்ட்ஸ்டர் தானாக வைத்திருப்பது 70. அதில் சில அடாப்டர்கள் ஓர் இலக்கத்தை விழுங்கிவிடும்.

எஸ்7-ஐ, அதாவது கேரியருக்காக மோடம் காத்திருக்கும் விநாடிகளை, 60-க்குக் கீழே இறக்காதீர்கள். கணக்குப் பாருங்கள்: 11 இலக்கம் டயல் செய்ய 2 விநாடிக்கு மேல். அழைப்பு போய்ச் சேர 3 முதல் 5. அமெரிக்க மணி 2 விநாடி அடித்து 4 விநாடி ஓயும்; பயனர் இரண்டு மணி பார்த்துவிட்டு ஏடிஏ (அழைப்பை எடுக்கும் கட்டளை) தட்டினால் அங்கே 10, 12 விநாடி. பிறகு அவருடைய மோடம் 2100 ஹெர்ட்ஸ் பதில்தொனியை மூன்று விநாடிக்கு மேல் ஊதும். அதன்பின் ஹேண்ட்ஷேக், பிழைதிருத்தப் பேச்சு என்று இன்னும் 10, 15. ஆக 35 விநாடி என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால். 30 வைத்தவர்கள்தான் "கனெக்ட் வரும் நேரத்தில் நோ கேரியர்" என்று புலம்புவார்கள்.

அடாப்டரில் கோடெக் (ஒலியை எண்களாக்கும் முறை) ஜி.711 மியூ-லா மட்டும். எதிரொலி நீக்கம், மௌன ஒடுக்கம் இரண்டும் அணைந்திருக்கட்டும். ஜிட்டர் பஃபர் (ஒலி சீராக வரப் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம்) தானாகச் சுருங்கி விரிவதாக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பஃபர் ஒரு தடவை நீளம் மாறினாலே மோடம் தடுமாறும்.

அடாப்டரின் டயல் பிளானில் (எந்த எண்களை அழைக்கலாம் என்ற விதியில்) எண் முடிந்ததும் காத்திருக்காமல் அழைக்க, வடிவத்தின் கடைசியில் எஸ்0 சேர்ப்பார்கள். மோடத்தின் எஸ்0 வேறு, இது வேறு, குழம்ப வேண்டாம். அது இல்லாவிட்டால் கடைசி இலக்கத்துக்குப் பின்னும் அடாப்டர் இன்னொரு இலக்கத்துக்காகக் காத்திருந்து உங்கள் எஸ்7-ஐத் தின்னும்.

---

நோட்_ஒன்று:

மிக்க நன்றி இருவருக்கும். பேட்ச் போட்டபின் கேஷோடு ஓடுகிறது. வாட்ச்டாக் இல்லாத தனி பேட் கோப்பு, சுவிட்சுகள் மேலே, டிடிஆர் 2 விநாடி. 486-இல் "நோ கேரியர்" உடனே வருகிறது, "ரிங்" வருகிறது, ஏடிஏ தட்டினால் "கனெக்ட் 9600".

இரண்டு குறைகள் மிச்சம். கடவுச்சொல்லை முதல் தடவை எப்போதும் தவறு என்கிறது, இரண்டாம் தடவை ஏற்கிறது. லெவலோ இன்னும் 10-தான்.

---

பழைய_சிசாப்:

கடவுச்சொல் விஷயம் எளிது. மோடம் "கனெக்ட் 9600" என்று எழுதியது ஃபாசிலின் உள்வரும் பஃபரில் கிடக்கிறது. டோர் "கனெக்ட்" வரை படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. அந்த மிச்சமும் ஒரு என்டரும் கடவுச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்கின்றன. இணைந்ததும் 2 விநாடி பொறுத்து உள்வரும் பஃபரைக் காலி செய்ய வேண்டும், ஃபாசிலில் அது 0ஏ ஹெக்ஸ். டோரில் "இணைந்தபின் தாமதம்" என்று ஏதாவது இருந்தால் அதை 3 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தாமதம் முடிந்ததும் அதுவே காலி செய்யும். முயற்சிகளை மூன்றுக்கு மேல் விடாதீர்கள்.

லெவல் ஏறாததற்குப் பின்னணி இது. ஆர்.ஏ. வெளி நிரலை அழைக்கும் முன் பயனரின் முழு விவரத்தையும் எக்ஸிட்இன்ஃபோ.பிபிஎஸ் என்ற கோப்பில் எழுதும், திரும்பியதும் அதையே படித்துக்கொள்ளும். டோரின்ஃபோ1.டெஃப் என்ற 13 வரிக் கோப்பையும் எழுதும். அதன் 11-ஆம் வரியில் செக்யூரிட்டி லெவல் இருக்கிறது, ஆனால் அது படிக்க மட்டும். டோர் அதைத் திருத்தினாலும் ஆர்.ஏ. திரும்பிப் பார்க்காது. பயனர் பதிவுக் கோப்பான யூசர்ஸ்.பிபிஎஸ்-ஐ நேரடியாகத் திருத்தினாலும் பயனில்லை. ஆளின் பதிவு ஆர்.ஏ.வின் நினைவில் பழைய 10-ஓடு இருக்கிறது. லாக்ஆஃப் ஆகும்போது அதை மேலே எழுதிவிடும். ஆக, லெவல் மாற வேண்டிய ஒரே இடம் எக்ஸிட்இன்ஃபோ.

உங்கள் டோர் எதைத் திருத்துகிறது என்று கண்டுபிடிக்க, பேட் கோப்பில் டோர் வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு கோப்புகளுக்கும் டிர் போட்டு ஒரு உரைக் கோப்பில் சேருங்கள். எக்ஸிட்இன்ஃபோவின் நேரம் மாறவில்லையென்றால் டோர் அதைத் தொடவே இல்லை. பெரும்பாலும் பாதைதான் தவறாக இருக்கும்: டோர் தன் அடைவிலிருந்து ஓடும், கோப்போ அந்த நோட்டின் ஆர்.ஏ. அடைவில் இருக்கும். பாதை சரியாக இருந்தும் நேரம் மாறவில்லை என்றால், அல்லது மாறி, திரும்பியதும் பயனரின் பெயர், ஊர் எல்லாம் குப்பையானால், டோர் 1.x காலத்து வடிவத்துக்கு எழுதியது. 2.00-இல் பதிவின் அமைப்பே மாறிவிட்டது. அப்படிப்பட்ட டோரைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், சரிபார்த்ததும் பயனரை "மறுபடி அழைத்து வாருங்கள்" என்று சொல்லித் துண்டித்துவிட்டு, ஆர்.ஏ. முழுவதும் வெளியேறிய பின் இரவுப் பராமரிப்பில் யூசர்ஸ்.பிபிஎஸ்-ஐத் திருத்தும் வழி ஒன்று உண்டு. அசிங்கமான வழி, ஆனால் உடையாது.

மெனுவில் டோரை அழைக்கும் டைப் 7-இன் வரியில் *எம் சேர்த்திருக்கிறீர்கள்தானே? ஆர்.ஏ. நினைவைக் காலி செய்துகொடுக்காவிட்டால் பெரிய டோர் பாதியில் நிற்கும். காத்திருக்கும் நேரம் பயனரின் கணக்கில் ஓடாமல் இருக்க *! சேர்க்கலாம்.

---

கட்டுப்பாட்டறை:

ஒரே லைனில் திரும்ப அழைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெரிஃபையரின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் எல்லோரும்.

செப்புக் கம்பி லைனில், அழைக்கப்பட்டவர் வைத்துவிட்டால் அழைப்பு முடிந்துவிடுகிறது என்பதில்லை. முடிப்பது அழைத்தவர். அழைக்கப்பட்ட பக்கத்து எக்ஸ்சேஞ்ச் "இவர் வைத்துவிட்டார், கொஞ்சம் பொறு" என்று ஒரு இடைநிறுத்தச் செய்தியை அனுப்பிவிட்டு நேரம் எண்ணத் தொடங்கும். வீட்டில் ஓர் அறையில் வைத்துவிட்டு இன்னோர் அறையில் எடுத்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்துச் சில விநாடியிலிருந்து அரை நிமிடம்வரை, சில ஊர்களில் அதற்கும் மேல், கம்பி உயிரோடு இருக்கும். பிரிட்டனில் இதே பண்பை வைத்து, "வங்கிக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்" என்று சொல்லி வைக்காமல் காத்திருந்து முதியவர்களை ஏமாற்றிய கும்பல்களால்தான் அந்த நேரத்தைக் குறைத்தார்கள்.

பிபிஎஸ்-இல் இது எப்படி விளையாடும் என்றால்: ஒருவன் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுக்கிறான். டோர் துண்டிக்கிறது. அவன் வைப்பதில்லை. 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டையும் கலந்து அமெரிக்க டயல் டோனை லைனில் ஊதுகிறான். உங்கள் மோடம் எக்ஸ்4-இல் டயல் டோன் கேட்டுத் திருப்தியடைந்து, பக்கத்து வீட்டு எண்ணை அவன் காதுக்குள்ளேயே டயல் செய்கிறது. அவன் ஏடிஏ தட்டுகிறான். கடவுச்சொல் அவனுக்குத் தெரிந்ததுதான். 50 ஏறிவிட்டது, எண் வேறொருவருடையது.

சோதனை செய்ய இன்னொரு மோடம்கூட வேண்டாம். கைபேசியிலிருந்து பிபிஎஸ்-ஐ அழையுங்கள். அந்தப் பக்கம் கையாலேயே ஏடிஏ, பிறகு ஏடிஎச்0, 3 விநாடி கழித்து ஏதாவது ஓர் எண்ணுக்கு ஏடிடிடி. நீங்கள் கைபேசியைக் காதிலேயே வைத்திருங்கள். மோடம் டயல் செய்யும் தொனிகள் உங்கள் காதில் விழுந்தால் லைன் பிடிபட்டிருக்கிறது. 3 விநாடியை 10, 20, 40 என்று ஏற்றி, தொனி கேட்காத இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இரண்டு மடங்கைத் தாமதமாக வையுங்கள். அதோடு 0 முதல் 30 விநாடிவரை தற்செயலாக ஒரு கூடுதல் தாமதம் வைக்க டோர் அனுமதித்தால் இன்னும் நல்லது.

அடுத்த ஓட்டை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லைனை எடுப்பது. நீங்கள் டயல் செய்யப்போகும் அதே கணத்தில் ஒருவன் உள்ளே அழைத்தால், மோடம் எடுப்பது அவனுடைய அழைப்பை. தாமதம் எவ்வளவு நீளமோ அவ்வளவு வாய்ப்பு அவனுக்கு. ஆகவே முறையான வழி ஒன்றுதான்: திரும்ப அழைப்பது வேறு லைனில், அந்த லைனுக்கு உள்ளழைப்பே வராதபடி.

---

இருகம்பி:

சொன்னது செப்புக் கம்பிக்கு முழு உண்மை. ஆனால் இவருடையது அடாப்டர், அதில் முதல் ஓட்டை இல்லை. மோடம் வைத்ததும் அடாப்டர் "பை" செய்தியை அனுப்புகிறது. சேவை நிறுவனம் அதை அப்படியே அழைப்பு முடிந்ததாக அந்தப் பக்க எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளுகிறது. இடைநிறுத்தம் கிடையாது. நான் மேலே சொன்ன ஹூக் ஃபிளாஷ் சரியாக இருக்கும்வரை 5 விநாடித் தாமதம் போதும். 60 விநாடி வைத்தால் புதியவர்கள் பாதிப் பேர் டெர்மினலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாம் ஓட்டை இங்கேயும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இரண்டாவது மோடம் வாங்குவதற்கு முன் ஒரு மலிவான வழி: பாப்2டியில் *78 டயல் செய்தால் தொந்தரவு செய்யாதே என்ற நிலை இயங்கும், *79 அணைக்கும். டோர் துண்டித்ததும் முதலில் "ஏடிடிடி*78;" அனுப்பட்டும். கடைசியில் உள்ள அரைப்புள்ளி மோடத்தைக் கேரியருக்குக் காத்திருக்காமல் கட்டளை நிலைக்குத் திரும்ப வைக்கும். பிறகு ஏடிஎச்0, 3 விநாடி, உண்மையான டயல். வேலை முடிந்ததும் *79. வெற்றி, தோல்வி எதுவானாலும் *79 போக வேண்டும். மறந்தால் பிபிஎஸ்-க்கு யாருமே வர முடியாது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதை அனுப்ப முடியாது, ஆகவே மெயிலர் (பிபிஎஸ்-க்கு முன்னால் ஓடி அழைப்புகளை எடுக்கும் நிரல்) மறுபடி மோடத்தைத் தயார் செய்யும் வரியில் சேர்த்துவிடுவதே நல்லது.

---

கட்டுப்பாட்டறை:

*78 யோசனை நன்றாக இருக்கிறது. ஆனாலும் அடாப்டரில் இரண்டாம் போர்ட் சோதனைக்கு மட்டும் பயன்படும்போது வெளியழைப்புக்கென்று தனி மோடம் வைப்பதையே சொல்வேன். டோர் இரண்டு காம் போர்ட்டுகளை ஆதரிக்க வேண்டும் என்பதுதான் இடைஞ்சல். இணைந்த பயனர் காம் 2-இல் இருப்பார், ஆர்.ஏ. காம் 1-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் இந்த முறையில் கடவுச்சொல் வாங்கிச் சரிபார்த்ததோடு துண்டித்துவிட்டு, அவரையே மறுபடி அழைக்கச் சொல்வதுதான் வழக்கம்.

---

எண்சல்லடை:

பயனர் கொடுக்கும் எண்ணை அப்படியே மோடத்துக்குப் போகவிடாதீர்கள் என்பதை யாரும் சொல்லவில்லையே. இலக்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் டோர் உதற வேண்டும். ஆச்சரியக்குறி மோடத்துக்கு ஹூக் ஃபிளாஷ், மேலே பேசிய ஹோல்ட் விவகாரம் அப்படியே வந்து நிற்கும். அரைப்புள்ளிக்குப் பின்னால் இன்னொரு கட்டளை எழுதலாம். * வந்தால் உங்கள் அடாப்டரின் சேவைக் குறியீடுகள் அவர் கையில்.

பிறகு எண்ணின் வடிவம். பழைய டோர்கள் பகுதி எண்ணின் நடு இலக்கம் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கும். 1995 ஜனவரியில் அலபாமாவில் 334, வாஷிங்டன் மாநிலத்தில் 360 என்று வந்தபோதே அந்த விதி செத்தது. உங்கள் பக்கத்திலேயே 908-ஐப் பிரித்து 1997-இல் 732 வந்தது. அங்கிருந்து வருபவரை உங்கள் டோர் "தவறான எண்" என்று விரட்டும். அந்தச் சோதனையை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிட்டு, கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

7 இலக்க உள்ளூர் அழைப்பும் போய்விட்டது. 988 என்ற நெருக்கடி எண்ணுக்காக, அந்த இலக்கங்களை எக்ஸ்சேஞ்ச் எண்ணாகவும் வைத்திருந்த பகுதிகளில் 2021 அக்டோபர் 24 முதல் 10 இலக்கம் கட்டாயம்; 908 அந்தப் பட்டியலில் இருக்கிறது. டோரின் அமைப்பில் "உள்ளூர் எண்ணுக்கு முன்னொட்டு" என்ற இடத்தில் 1908 என்று போட்டுவிடுங்கள்.

தடைப் பட்டியல் வேண்டாம், அனுமதிப் பட்டியல் போடுங்கள். கூடுதல் கட்டண எண்களான 900, 976 இரண்டையும் தடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் 809-இல் மாட்டுவார்கள். அது டொமினிக்கன் குடியரசு, 876 ஜமைக்கா. பார்க்க அமெரிக்க எண் மாதிரியே 10 இலக்கம், கட்டணமோ வெளிநாட்டுக்கு உரியது. அடாப்டரின் டயல் பிளானிலேயே 1908, 1732, 1848 மூன்றையும் பிறகு *78, *79-ஐயும் மட்டும் அனுமதித்துவிட்டால், டோர் ஏமாந்தாலும் அழைப்பு வெளியே போகாது. டோரைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

இன்னொன்று நேரம். தவறான எண் கொடுத்தால் இரவு 3 மணிக்கு யாரோ ஒருவர் எழுந்து மோடம் கீச்சொலியைக் கேட்பார். அமெரிக்காவில் விற்பனை அழைப்புகளுக்கே காலை 8 முதல் இரவு 9 வரைதான் அனுமதி. அதே வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நாளில் இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம். "நோ ஆன்சர்", "நோ கேரியர்" வந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டு, நீங்கள் பார்த்து விடுவிக்கும்வரை டோர் தொடக் கூடாது. "பிஸி" மட்டும் வேறு, பயனரின் மோடம் இன்னும் லைனை விடவில்லை என்று பொருள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அழைக்கலாம்.

---

நோட்_ஒன்று:

பாதைதான். எக்ஸிட்இன்ஃபோவைத் தன் அடைவிலேயே தேடிக்கொண்டிருந்தது. திருத்தியதும் லெவல் 50 ஏறியது. டயல் பிளானிலும் மூன்று பகுதி எண்கள் மட்டும் வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. துண்டிக்கும் முன் பயனருக்குத் திரையில் என்ன காட்ட வேண்டும்? டோரோடு வந்த உரை ஒரு பக்கம் நீளம், யாரும் படிக்கப்போவதில்லை. எஸ்0=1 வைக்கச் சொல்வது சுலபமில்லையா?

---

பழைய_சிசாப்:

எஸ்0=1 சொல்லாதீர்கள். அதை அவர் திரும்ப மாற்ற மாட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் மோடம் எடுத்துக் கத்தும். ஏடிஏ போதும். உரை இப்படி இருக்கட்டும்:

"இப்போது இணைப்பைத் துண்டிப்போம். டெர்மினல் நிரலை மூடாதீர்கள், தொலைபேசியைக் கையில் எடுக்காதீர்கள். நோ கேரியர் என்று வரும், அது சரிதான். சிறிது நேரத்தில் ரிங் என்று தெரியும். உடனே ஏடிஏ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். கனெக்ட் வந்ததும் கடவுச்சொல் கேட்போம். ரிங் 2 நிமிடத்துக்குள் வராவிட்டால் மறுபடி அழையுங்கள்."

அதன் கீழே அவர் கொடுத்த எண்ணைப் பெரிதாகக் காட்டி, சரிதானா என்று ஆம், இல்லை கேளுங்கள். தவறான எண்ணுக்குப் போகும் அழைப்புகளில் பெரும்பாலானவை இலக்கம் இடம் மாறியவை. அந்த ஒரு கேள்வியே நிறுத்திவிடும். அவர் லைனில் பதில்சொல்லும் இயந்திரமோ ஃபேக்ஸோ இருந்தால் அணைக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் நாலாவது மணியில் அது முந்திக்கொள்ளும்.

தோல்வியடைந்தால் டோர் எப்படி வெளியேறுகிறது என்பதையும் ஒரு தடவை சோதியுங்கள். கேரியர் இல்லாமல், மோடம் வைத்த நிலையில் ஆர்.ஏ.வுக்குத் திரும்ப வேண்டும், ஆர்.ஏ. கேரியர் போனதைப் பார்த்துத் தானே பயனரை முடித்துவிட்டு மெயிலருக்குப் போகும். டோர் மாற்றிய எஸ்7, எஸ்11 எல்லாம் மெயிலரின் தொடக்க வரியில் உள்ள ஏடிஇசட் (மோடத்தைப் பழைய அமைப்புக்குத் திருப்பும் கட்டளை) வரும்வரை அப்படியேதான் இருக்கும். மெயிலர் அந்த வரியை அனுப்புகிறதா என்பதை மோடத்தின் எஸ்டி (தரவு அனுப்புதல்) விளக்கு மினுங்குவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.